ரூட் இல்லாமல் சர்வீஸ் ஓட்டுவது: சிஸ்டம்டி பயனர் மேலாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமக்கென்று ஒரு லாகின் இருக்கும். ரூட் (கணினியின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) கடவுச்சொல் வேறு யாரிடமோ இருக்கும். கல்லூரி ஆய்வக சர்வர், அலுவலகப் பொது மெஷின், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) என்று எங்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட இடத்தில், நாம் பக்கத்தில் இல்லாதபோதும் நம் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க என்ன செய்யவேண்டும் என்பதற்கான பக்கம் இது. கருவி சிஸ்டம்டி: லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி, நிறுத்தி, கவனித்துக்கொள்ளும் நிரல். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே ஸ்கிரிப்ட்தான்: சென்சாரிலிருந்து மழை அளவைப் படித்துக் கோப்பில் எழுதும் ஒரு பைத்தான் நிரல்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இது வெறும் வழக்கமல்ல. சிஸ்டம்டி யூனிட் (ஒரு சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) பெயரில் ஆங்கில எழுத்து, எண், இன்னும் சில குறிகள் தவிர வேறெதையும் ஏற்காது. டிஸ்கிரிப்ஷன் வரியில் மட்டும் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

சிஸ்டம்டி ரூட்டின் சமாச்சாரம் அல்லவா? சாதாரணப் பயனருக்கு அதில் என்ன வேலை?

லென்னார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் சிஸ்டம்டியை அறிமுகம் செய்தபோது பேச்செல்லாம் பிராசஸ் எண் 1 பற்றித்தான் இருந்தது. கணினி எழும்போது முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிறவர் அவர். 2011-இல் ஃபெடோரா 15, 2015-இல் டெபியன் 8 என்று லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. ஆனால் அதே நிரலின் இன்னொரு பிரதி, லாகின் செய்த ஒவ்வொரு பயனருக்கும் தனியாக, அவரவர் உரிமையோடு மட்டும் ஓடும். நீங்கள் உள்ளே வந்ததும் லாகின்டி என்ற துணைச் சேவை உங்களுக்காக யூசர்@1000.சர்வீஸ் என்பதைக் கிளப்புகிறது. 1000 என்பது உங்கள் யுஐடி, அதாவது பயனர் எண்.

நான் பாடம் எடுக்கும்போது பிராசஸ் எண் 1-ஐப் பெரியவர் என்றும், பயனருக்கான மேலாளரைச் சின்னவர் என்றும் சொல்வேன். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒரே குடும்பம்தான், ஆனால் அடுப்பு தனி. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி, இந்தத் தனி அடுப்பை மறந்ததால் வருபவை.

சின்னவரை நீங்கள் புதிதாக நிறுவவேண்டாம். இப்போதே ஓடிக்கொண்டிருப்பார். பைப்வயர் ஒலிச் சேவை பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அவர் கையில்தான் இருக்கிறது. சந்தேகம் என்றால் சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள்.

நோஹப் போட்டால் போதாதா? கிரான்டேபில் @ரீபூட் என்று ஒரு வரி எழுதினால் முடிந்ததே?

நோஹப் என்பது லாக்-அவுட்டுக்குப் பின்னும் நிரலை ஓடவிடும் கட்டளை; கிரான் என்பது குறித்த நேரத்தில் நிரலைத் தொடங்கும் சேவை. ஒரு தடவை ஓடி முடியும் வேலைக்குப் போதும். நாள் கணக்கில் ஓடவேண்டியதற்குப் போதாது. ஸ்கிரிப்ட் இரவு 3 மணிக்கு விழுந்தால் நோஹப் அதைத் தூக்கிவிடாது. கிரானுக்கு விழுந்ததே தெரியாது. சின்னவரிடம் ஒப்படைத்தால் விழுந்ததைத் தூக்குவார், வெளியீட்டை நேரத்தோடு பதிவுசெய்வார், "இப்போது ஓடுகிறதா" என்று கேட்டால் பதில் சொல்வார். பிஎஸ் கட்டளையில் கிரெப் போட்டுப் பிராசஸ் எண்ணைத் தேடி, தவறான எண்ணைக் கொன்றுவிட்டு விழிக்கும் வேலை மிச்சம். அதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். போனது என்னுடைய பிராசஸ்தான் என்பதால் தப்பித்தேன்.

யூனிட் கோப்பை எங்கே வைப்பது? குறைந்தபட்சம் என்ன எழுதவேண்டும்?

உங்கள் ஹோம் அடைவுக்குள் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் என்ற அடைவில். இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளுங்கள். மழை.சர்வீஸ் கோப்பு இவ்வளவுதான்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=மழை அளவு பதிவு

[சர்வீஸ்]
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 %எச்/மழை/படி.பிஒய்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=10

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டிஃபால்ட்.டார்கெட்

சதவீதக் குறியோடு சின்ன எச் சேர்ந்தால் உங்கள் ஹோம் அடைவு என்று பொருள். அலைக்குறி இங்கே செல்லாது, ஏனென்றால் இந்த வரியைப் படிப்பது ஷெல் அல்ல. அதே காரணத்தால் பைப், திசைதிருப்பல், கடைசியில் & எதுவும் வேலை செய்யாது. முக்கியமாக, பழக்க தோஷத்தில் நோஹப்பையும் &-ஐயும் இதற்குள் கொண்டுவராதீர்கள். இப்படி எழுதிய யூனிட்டில், முன்னால் நின்று ஓடும் நிரலைத்தான் சின்னவரால் கவனிக்கமுடியும்.

பிறகு சிஸ்டம்சிடிஎல் --யூசர் டீமன்-ரீலோட், அடுத்து சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் மழை. கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் டீமன்-ரீலோட் வேண்டும். அது புதிய கோப்பைப் படிக்கவைக்குமே தவிர ஓடும் சேவையை மாற்றாது. அதற்கு ரீஸ்டார்ட் தனியாகக் கொடுக்கவேண்டும்.

எனேபிள் செய்தேன், நன்றாக ஓடியது. லாக்-அவுட் செய்து மறுநாள் வந்து பார்த்தால் நின்றிருக்கிறது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

சின்னவரின் ஆயுள் உங்கள் லாகினோடு கட்டப்பட்டது. உங்கள் கடைசி அமர்வு முடிந்ததும், இயல்பாக 10 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, லாகின்டி அவரை அனுப்பிவிடும். அவர் போகும்போது தன் கீழே ஓடிய அத்தனை சேவையையும் நிறுத்திவிட்டுத்தான் போவார். /ரன்/யூசர்/1000 அடைவும் கூடவே அழிந்துவிடும். பல டிஸ்ட்ரோக்களில் இதில் ஒரு வேடிக்கை உண்டு: நோஹப்பில் அனாதையாக விட்டது பிழைத்துக்கொள்ளும், முறையாக யூனிட் எழுதி வளர்த்தது செத்துப்போகும். "அப்போ நோஹப்பே மேல்" என்று பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். வேறொரு ஜன்னலில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் இணைப்பு) திறந்து கிடந்தால் அதுவும் ஓர் அமர்வு. சின்னவர் இருப்பார், சேவையும் ஓடும். அதனால் "சில நாள் ஓடுது, சில நாள் நிக்குது" என்று தோன்றும். ஒரு நண்பர் வாரக் கடைசியில் மட்டும் சர்வர் கோளாறு செய்கிறது என்று ஒரு மாதம் தேடினார். சனி, ஞாயிறில் அவர் அலுவலக லேப்டாப்பை மூடிவிடுவார். வார நாட்களில் அதில் ஓர் எஸ்எஸ்எச் எப்போதும் திறந்திருக்கும். கோளாறு அவ்வளவுதான்.

மருந்து ஒரே வரி: லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர். தங்கியிரு என்று பொருள். இதைச் செய்துவிட்டால் கணினி பூட் ஆகும்போதே, நீங்கள் லாகின் செய்யாமலே, சின்னவர் எழுந்துவிடுவார். நீங்கள் வெளியேறினாலும் போகமாட்டார். உள்ளே நடப்பது மிக எளிது: /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் அடைவில் உங்கள் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு உண்டாகும். அவ்வளவே. அந்த அடைவை எல்எஸ் செய்து பார்த்தாலே யாருக்கெல்லாம் லிங்கர் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பல இடங்களில் உங்கள் சொந்தக் கணக்குக்கு லிங்கர் போடக் கடவுச்சொல் கேட்காது. கேட்டால் நிர்வாகி அதை வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கலாம், அவரிடம் பேசுங்கள். பொது மெஷினில் கேட்காமல் இரவெல்லாம் ஓடவைப்பதைவிட முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது எப்படியும் நல்லது.

லிங்கரும் போட்டாயிற்று. ரீபூட்டுக்குப் பிறகு இன்னும் எழவில்லை.

கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். மல்டி-யூசர்.டார்கெட் என்று இருந்தால் அதுதான் காரணம். டார்கெட் என்பது பல சேவைகளைக் கூட்டாக எழுப்பும் ஒரு நிலை. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெரியவருக்காக எழுதியவை. அவரிடம் அந்த டார்கெட் உண்டு, சின்னவரிடம் கிடையாது. இல்லாத வாசலில் தோரணம் கட்டியது போல, எனேபிள் வெற்றி என்று வரும், யாரும் அந்த வழியே வரமாட்டார்கள். டிஃபால்ட்.டார்கெட் என்று மாற்றி, ரீஎனேபிள் கொடுங்கள். திரை தேவைப்படும் நிரல் என்றால் கிராஃபிகல்-செஷன்.டார்கெட்.

அதுவும் சரி என்றால், ஹோம் அடைவு மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யப்பட்டு, லாகின் செய்யும்போதுதான் திறக்கிறதா என்று பாருங்கள். பூட் நேரத்தில் சின்னவர் எழும்போது உங்கள் யூனிட் கோப்பே அவர் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு லிங்கர் உதவாது. கோப்பை /இடிசி/சிஸ்டம்டி/யூசர் அடைவில் வைக்கலாம், ஆனால் அதற்கு ரூட் வேண்டும்; ஸ்கிரிப்டும் தரவும் ஹோமுக்குள் இருந்தால் அதுவும் வீண்.

லாக்-அவுட் செய்ததும் டிமக்ஸே போய்விடுகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லையே?

டிமக்ஸ் (ஸ்கிரீன் போலவே, வெளியேறினாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) போவதற்குக் காரணம் கில்யூசர்பிராசஸஸ் என்ற அமைப்பு. 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டி 230-இல் அதன் இயல்பு மதிப்பை "யெஸ்" என்று மாற்றினார்கள்: வெளியேறும் பயனரின் பிராசஸ் எதுவும் மிஞ்சக்கூடாது என்பது எண்ணம். டிமக்ஸ், ஸ்கிரீன் ஆட்கள் கொதித்துப்போனார்கள். பல பத்தாண்டு யூனிக்ஸ் பழக்கம் ஒரே அப்டேட்டில் போய்விட்டதே என்பது அவர்கள் வாதம். டெபியன் தன் தொகுப்பில் "நோ" என்றே திருப்பி வைத்தது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஐம்பது மாணவர்கள் விட்டுப்போன பிராசஸ்களைக் கூட்டிப் பெருக்கிய எந்த நிர்வாகியும் "யெஸ்" பக்கம் சாய்வார்.

உங்கள் மெஷினில் "யெஸ்" என்றால் லிங்கர் போட்டுவிட்டு, சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் --யூசர் டிமக்ஸ் என்று தொடங்குங்கள். அப்போது டிமக்ஸ் உங்கள் அமர்வுக்குள் அல்ல, சின்னவரின் கீழ் ஓடும்.

"பஸ்ஸோடு இணைய முடியவில்லை" என்று பிழை வருகிறது.

பஸ் என்பது நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. நீங்கள் எஸ்யூ அல்லது சுடோ (வேறு கணக்காக மாறும் கட்டளைகள்) வழியாக அந்தக் கணக்குக்குள் போயிருப்பீர்கள். அது முழு லாகின் அல்ல. எக்ஸ்டிஜி_ரன்டைம்_டைர் என்ற சூழல் மாறி கிடைத்திருக்காது, சின்னவரின் வீட்டு முகவரி தெரியாமல் சிஸ்டம்சிடிஎல் தெருவில் நிற்கிறது. நேரடியாக அந்தப் பயனராக எஸ்எஸ்எச் செய்து வாருங்கள், தீர்ந்தது. அது முடியாத இடத்தில், அந்த மாறிக்கு /ரன்/யூசர்/ என்பதோடு உங்கள் யுஐடியைச் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த அடைவே இல்லையென்றால் சின்னவர் ஓடவில்லை, லிங்கருக்குத் திரும்புங்கள்.

ரூட் உள்ளவர்கள் மற்றவரின் சேவையைப் பார்க்க, சிஸ்டம்டி 248 முதல் சிஸ்டம்சிடிஎல் --யூசர் -எம் என்பதோடு பயனர்பெயரும் @ குறியும் சேர்த்துக் கொடுக்கலாம். -எம் இல்லாமல் சுடோ சிஸ்டம்சிடிஎல் --யூசர் என்று அடிப்பது தவறு. அது உங்கள் சின்னவரை விட்டுவிட்டு ரூட்டின் சின்னவரைத் தேடிப்போகும்.

டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை.

.பாஷ்ஆர்சி கோப்பைச் சின்னவர் படிப்பதில்லை. அதில் நீங்கள் சேர்த்த பாத், ஏபிஐ சாவி, பைத்தான் மெய்நிகர் சூழல் எதுவும் அவருக்குத் தெரியாது. மெய்நிகர் சூழலுக்கு ஆக்டிவேட் தேவையே இல்லை. அதன் பின் அடைவில் உள்ள பைத்தானின் முழுப் பாதையை எக்ஸெக்ஸ்டார்ட்டில் எழுதினால் போதும். மாறிகளுக்கு யூனிட்டிலேயே என்விரான்மென்ட்= வரி; ரகசியச் சாவி என்றால் என்விரான்மென்ட்ஃபைல்= கொடுத்து, அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள். எல்லாச் சேவைக்கும் பொதுவானது என்றால் .கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி அடைவில் .கான்ஃப் கோப்பு.

ஸ்டேட்டஸில் வரும் எண்ணும் நிறையச் சொல்லும். 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட்டில் சொன்ன நிரலை ஓட்டமுடியவில்லை: பாதை தப்பு, அல்லது எக்ஸிக்யூட் அனுமதி இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரி கோளாறு. 200 என்றால் வேலை அடைவு இல்லை. 216 என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு, யூனிட்டில் யூசர்= வரியை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். சின்னவர் ஏற்கெனவே நீங்கள்தான். ஆள் மாற அவருக்கு அதிகாரம் இல்லை. வரியை அழியுங்கள்.

நெட்வொர்க் வந்தபிறகு தொடங்கு என்று ஆஃப்டர்= போட்டேன். கண்டுகொள்ளவே இல்லை.

தனி அடுப்பு. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் பெரியவரிடம் இருப்பது. சின்னவரின் யூனிட் அதைச் சார்ந்திருக்க முடியாது. தரவுத்தளம் பெரியவரின் கீழ் ஓடினாலும் இதே கதைதான். நான் செய்வது: காத்திருக்க முயலாமல், விழுந்தால் எழு என்று விட்டுவிடுவது. ஆனால் ஒரு கண்ணி உண்டு. இயல்பாக 10 விநாடிக்குள் 5 முறை தொடங்க முயன்றால் "போதும்" என்று சின்னவர் கைவிட்டுவிடுவார். ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் இடைவெளி 100 மில்லிவிநாடிதான் என்பதால், வைஃபை வருவதற்குள் ஐந்தும் தீர்ந்துவிடும். மேலே ரீஸ்டார்ட்செக்=10 என்று எழுதியது அதற்காகத்தான். ஏற்கெனவே கைவிட்டிருந்தால் ரீசெட்-ஃபெயில்ட் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

லாக் எங்கே?

ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ மழை -எஃப். "கோப்புகள் எதுவும் இல்லை" என்றால், அந்த மெஷினில் ஜர்னல் (சிஸ்டம்டியின் பதிவேடு) நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. நிரந்தரச் சேமிப்பு இருந்தால்தான் பயனருக்கென்று தனிக் கோப்பு பிரியும். /வார்/லாக்/ஜர்னல் அடைவை உருவாக்கித்தரச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள்.

சேவை ஓடுகிறது, லாக் மட்டும் வெறுமை என்றால் பைத்தானைச் சந்தேகியுங்கள். எதிரே டெர்மினல் இல்லாதபோது அது பிரின்ட் வெளியீட்டைச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். பைத்தான்3-க்குப் பின்னால் -யூ சேருங்கள்.

கிரானுக்குப் பதில் டைமர் நல்லதா?

லேப்டாப்புக்கு நிச்சயம். இரவு 2.30-க்கு பேக்கப் என்று கிரானில் எழுதி, அந்த நேரம் லேப்டாப் மூடியிருந்தால் அன்றைய பேக்கப் போனது போனதுதான். டைமரில் பெர்சிஸ்டென்ட்=ட்ரூ என்று எழுதினால், தவறியதை அடுத்த வாய்ப்பில் ஓட்டிவிடும். பேக்கப்.சர்வீஸ், பேக்கப்.டைமர் என்று ஒரே பெயரில் இரண்டு கோப்பு; நேரம் ஆன்கேலண்டர்= வரியில்; வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட். எனேபிள் செய்யவேண்டியது டைமரை, சர்வீஸை அல்ல. எழுதிய நேரம் சரிதானா என்று சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர் சொல்லிவிடும். சர்வரில் ஏற்கெனவே நன்றாக ஓடும் கிரானை இதற்காகப் பிடுங்கவேண்டாம்.

80-ஆம் போர்ட்டில் கேட்கமுடியுமா?

முடியாது. 1024-க்குக் கீழே உள்ளவை கெர்னலின் இயல்பு அமைப்பில் ரூட்டுக்கு மட்டும். சின்னவர் சாக்கெட் திறந்து கொடுத்தாலும் அவருக்கும் அதே வேலிதான். 8080-இல் ஓட்டி, முன்னால் நிர்வாகி ஒரு என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைப்பதே வழி.

கன்டெய்னர்?

கன்டெய்னர் ஓட்டும் பாட்மேனுக்கும் சின்னவருக்கும் நல்ல பொருத்தம், இரண்டுமே ரூட் இல்லாமல் வாழத் தெரிந்தவை. பாட்மேன் 4.4 முதல் குவாட்லெட் சேர்ந்தே வருகிறது. .கான்ஃபிக்/கன்டெய்னர்ஸ்/சிஸ்டம்டி அடைவில் .கன்டெய்னர் என்று முடியும் சிறு கோப்பு எழுதினால், டீமன்-ரீலோடின்போது அதிலிருந்து சர்வீஸ் தானே உருவாகிவிடும். அப்படி உருவானதை எனேபிள் செய்ய முயன்றால் பிழை வரும், பயப்படாதீர்கள்; கோப்பிலேயே இன்ஸ்டால் பகுதி இருந்தால் போதும். லிங்கர் இதற்கும் வேண்டும்.

இதனால் பாதுகாப்பில் ஓட்டை விழுமா?

உங்களால் செய்யமுடியாத எதையும் சின்னவராலும் செய்யமுடியாது. அதனால் மெஷினுக்கு ஆபத்து குறைவு. உங்கள் கணக்கைப் பொறுத்தவரை ஒன்று சொல்லவேண்டும்: நீங்கள் தெரியாமல் ஓட்டிய ஒரு கெட்ட ஸ்கிரிப்டும் அதே .கான்ஃபிக் அடைவில் ஒரு யூனிட்டை எழுதி எனேபிள் செய்துவிட்டு, ஒவ்வொரு லாகினிலும் எழுந்துகொண்டிருக்கலாம். அதற்கும் ரூட் தேவையில்லை. சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --ஸ்டேட்=எனேபிள்ட், லிஸ்ட்-டைமர்ஸ் இரண்டையும் அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள்.

பொது சர்வரில் இன்னொரு மரியாதை: சர்வீஸ் பகுதியில் மெமரிமேக்ஸ்=300எம் போல ஒரு வரம்பு. சிகுரூப் (நினைவகம் போன்ற வளங்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) இரண்டாம் பதிப்புள்ள மெஷினில் இதற்கு ரூட் வேண்டாம். உங்கள் ஸ்கிரிப்ட் நினைவகம் கசிந்தால் அது மட்டும் விழும், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேடு விழாது.

என் மெஷினில் சிஸ்டம்சிடிஎல் --யூசர் என்றாலே எதுவும் நடக்கவில்லை.

சென்ட்ஓஎஸ் 7 என்றால் அதில் பயனர் மேலாளரை முடக்கியே வைத்திருந்தார்கள். 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்றால் 2022 செப்டம்பர் முதல் சிஸ்டம்டி உண்டு, /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் பூட் பகுதியின் கீழ் சிஸ்டம்டி=ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். வாய்ட் லினக்ஸில் சிஸ்டம்டியே கிடையாது. அங்கே அதற்குப் பதில் ரனிட் இருக்கிறது. ரன்எஸ்விடைர் என்ற அதன் நிரலை உங்கள் கணக்கின் பெயரில், உங்கள் ஹோமுக்குள் ஓர் அடைவைக் காட்டி ஓடவைக்கலாம். அதை பூட்டில் கிளப்ப ஒரேயொரு முறை ரூட் தயவு வேண்டும். அதன்பிறகு அந்த அடைவுக்குள் சேவைகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் முழுக்க உங்கள் பாடு.